ஹீட்டர் ராடின் ஓம், வாட் கணக்கு

வெந்நீர் போடும் 1500 வாட் ராடை எடுத்துக்கொள்வோம். ராடைத் தண்ணீரில் முக்கிய பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். அது ஓடும்போதே பிளக் பாயின்ட்டில் வோல்டேஜைப் பாருங்கள். ஓடாதபோது பார்த்தால் சில வோல்ட் கூடுதலாகக் காட்டும். கரண்டுக்கு கிளாம்ப் மீட்டரை (ஒயரைச் சுற்றிப் பிடித்து கரண்டை அளக்கும் மீட்டர்) ஃபேஸ் ஒயரில் மட்டும் மாட்ட வேண்டும். முழு கேபிளையும் சேர்த்துப் பிடித்தால், போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். மீட்டர் பூஜ்யம்தான் காட்டும்.

228 வோல்ட், 6.4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

ரெசிஸ்டன்ஸ்: 228 ÷ 6.4 = 35.6 ஓம்.
பவர்: 228 × 6.4 = 1459 வாட்.

1500-க்குக் குறைகிறதே என்று ராடைக் குறை சொல்ல வேண்டாம். அந்த எண் 230 வோல்ட்டுக்கு உரியது. வோல்டேஜ் 200-க்கு இறங்கினால், வோல்ட் × வோல்ட் ÷ ஓம் கணக்குப்படி 200 × 200 ÷ 35.6, அதாவது சுமார் 1120 வாட்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரில் அளந்தாலும் ஏறக்குறைய இதே ஓம் வரும். குண்டு பல்பில் வராது: 100 வாட் பல்ப் எரியும்போது 529 ஓம், ஆறியபின் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மோட்டாருக்கு இந்தப் பெருக்கல் போதாது. பவர் ஃபாக்டரையும் (வோல்ட் × ஆம்பியரில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண்) சேர்த்துப் பெருக்குங்கள்.