பிஸ்கட்டுக்குப் பதில் சிப்பி

என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம்; கூடுதல் குரோமோசோமோடு பிறப்பதால் வளர்ச்சியும் கற்றலும் மெதுவாகும் நிலை. பத்து வயதில் 52 கிலோ. பாம்பனில் எங்கள் தெருவே அவனைக் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சியது, நானும் பூரித்தேன். வீட்டுப் படி ஏற மூச்சு வாங்கியபோதுதான் உறைத்தது.

முதலில் சோற்றைக் குறைத்தேன். பக்கத்து வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்! ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு. இந்தப் பிள்ளைகளிடம் அது அடிக்கடி காணப்படுவது; ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். மாத்திரை தொடங்கியும் எடை அசையவில்லை.

குற்றவாளி பிஸ்கட்தான். சட்டை மாட்டினால் ஒன்று, எழுதினால் ஒன்று, அழுதால் இரண்டு. பள்ளியிலும் அதே கூலி. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்: 17. ஆசிரியையிடம் பேசி, பிஸ்கட்டுக்குப் பதில் சிப்பி என்று மாற்றினோம். பத்து சேர்ந்தால் மாலையில் கடற்கரை. முதல் வாரம் சிப்பிகளை என்மீதே வீசினான். குறி ஒன்றும் தப்பவில்லை.

கடற்கரையில் நடக்கச் சொன்னால் மணலில் உட்கார்ந்துவிடுவான். கரைவலை இழுப்பவர்கள்தான், "வா மருமகனே, இழு" என்று கயிற்றின் நுனியைக் கொடுத்தார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கழுத்து மூட்டு தளர்வாக இருக்கலாம் என்பதால் மருத்துவரைக் கேட்ட பிறகே அனுமதித்தேன். பிறகு அவனை வீட்டுக்குக் கூட்டிவருவதுதான் பெரும்பாடு.

ஓராண்டில் 49 கிலோ, உயரமும் கூடியிருக்கிறது. மாமியாரின் கருப்பட்டி டப்பாவை மட்டும் இன்னும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனுக்குத் தெரியும்.