வைக்கோலுக்கு யூரியா ஊட்டமேற்றுவது எப்படி?

போரில் அடுக்கி வைத்திருக்கும் உலர்ந்த நெல் வைக்கோலில் கச்சாப் புரதம் (நைட்ரஜன் அளவை வைத்துக் கணக்கிடும் புரதம்) 3 முதல் 4 விழுக்காடு வரைதான் இருக்கும். மாடு வயிறு நிறையத் தின்றும் உடல் தேறாமல் இருப்பதற்கு அது மட்டுமே காரணமன்று; தாளில் உள்ள செல்லுலோசு என்னும் நார்ப்பொருளை, லிக்னின் என்னும் கட்டைப்பொருளும் சிலிக்கா என்னும் மணற்சத்தும் இறுகப் பிணைத்திருப்பதால், அதில் உறைந்திருக்கும் ஆற்றலில் பெரும்பகுதி செரிக்காமல் சாணத்தோடு வெளியேறிவிடுகிறது. பஞ்சாபிலும் அரியானாவிலும் கோதுமைத் தாளை நறுக்கித் தீவனமாகச் சேமித்துக்கொள்ளும் உழவர்கள் நெல் தாளை வயலிலேயே கொளுத்திவிடுவதற்கு, அடுத்த விதைப்பின் அவசரம் ஒரு காரணமென்றால், நெல் தாளில் சிலிக்கா மிகுந்திருப்பது மற்றொரு காரணமாகும். நமக்கோ கோடைக்காலத்தில் கையில் இருப்பது பெரும்பாலும் நெல் வைக்கோல்தான். அதை மேம்படுத்த, கறவை மாடு வளர்ப்போர் எவரும் வீட்டிலேயே செய்யக்கூடிய முறை யூரியா ஊட்டமேற்றல்.

இதில் நடப்பது என்னவென்று முதலில் தெரிந்துகொண்டால், பின்வரும் அளவுகளை ஏன் மாற்றக்கூடாது என்பது தானே விளங்கும். ஈரமான வைக்கோலில் வளரும் நுண்ணுயிரிகள் யூரியேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக மாற்றுகிறது. அம்மோனியா தாளுக்குள் ஊடுருவி, லிக்னினுக்கும் ஹெமிசெல்லுலோசு என்னும் மற்றொரு நார்ப்பொருளுக்கும் இடையே உள்ள பிணைப்புகளைத் தளர்த்துவதோடு, தானும் ஓரளவு அங்கேயே தங்கித் தழைச்சத்தை (நைட்ரஜனை) கூட்டுகிறது. ஆகவே மாட்டுக்கு நாம் கொடுக்கப்போவது யூரியா கலந்த வைக்கோல் அன்று, அம்மோனியாவில் ஊறிப் பதமான வைக்கோல். இந்த வேறுபாட்டை உணராமல், கரைசலைத் தெளித்த அன்றே தீவனத் தொட்டியில் போடுவது மாட்டின் உயிரையே பறிக்கக்கூடும்.

தேவையானவை

உலர்ந்த, பூஞ்சை பிடிக்காத வைக்கோல் 100 கிலோ, யூரியா 4 கிலோ, தண்ணீர் 65 லிட்டர், ஓட்டையில்லாத தார்ப்பாய் அல்லது கனமான பாலித்தீன் விரிப்பு இரண்டு, ஒரு பூவாளி, ஒரு தராசு. இவற்றுள் தராசைப் பலர் தேவையற்றதாகக் கருதுகிறார்கள். இயந்திரம் சுற்றித் தரும் உருளைக் கட்டுகளின் எடை, கட்டுக்குக் கட்டு வேறுபடும் என்பதால், கண்மதிப்பை நம்பாமல் நிறுத்துப் பார்ப்பதே நல்லது.

முதல் படி: கரைசல்

யூரியாவைத் தண்ணீரில் கொட்டி, அடியில் ஒரு மணியும் தங்காதவாறு கலக்க வேண்டும். கரையும்போது தண்ணீர் சில்லென்று ஆவது இயல்பே. இந்தக் கரைசல் இருக்கும் வாளியை ஆடு, மாடு வாய் வைக்கும் இடத்தில் ஒரு நிமிடம்கூட விட்டுவிடக் கூடாது.

இரண்டாம் படி: அடுக்குதல்

மழைநீர் தேங்காத மேடான தரையில் ஒரு விரிப்பைப் பரப்பி, 20 கிலோ வைக்கோலைச் சீராகப் போட்டு, அதன் மேல் 13 லிட்டர் கரைசலைப் பூவாளியால் தெளிக்கவும். பிறகு ஏறி நன்றாக மிதிக்கவும். இவ்வாறே ஐந்து அடுக்குகள் போட்டால் வைக்கோலும் கரைசலும் ஒருசேர முடியும். மிதிப்பதைச் சோம்பலால் குறைத்தால் இடையில் காற்று தங்கி, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். தண்ணீரைக் குறைத்தால் நொதி வேலை செய்யாது. கூட்டினால் கரைசல் வழிந்து அடியில் தேங்கி, கீழ் அடுக்கு அழுகும்.

மூன்றாம் படி: மூடி வைத்தல்

மேல் விரிப்பால் போரை முழுவதும் மூடி, அடி விரிப்பின் ஓரத்தோடு சேர்த்துச் சுருட்டி, சுற்றிலும் மண்ணையோ மணல் மூட்டைகளையோ பாரம் வைக்க வேண்டும். இந்த முறையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது இந்தப் படிதான் என்பேன். 4 கிலோ யூரியாவில் ஏறத்தாழ 1.84 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. புரதக் கணக்கில் அது 11.5 கிலோவுக்குச் சமம். ஆனால் முறையாகச் செய்தபோதும் வைக்கோலின் கச்சாப் புரதம் 7 அல்லது 8 விழுக்காட்டை எட்டுவதே வழக்கம். அதாவது, 100 கிலோ வைக்கோலில் கூடுவது 4 கிலோ அளவுப் புரதம்தான் என்பதால், பாதிக்கும் மேற்பட்ட நைட்ரஜன் எப்படியும் அம்மோனியாவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. விரிப்பில் ஓட்டையும் இருந்தால் மிச்சமும் போய்விடும். 21 நாட்கள் வரை திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: திறந்து சோதித்தல்

நன்கு பதப்பட்ட வைக்கோல் பழுப்பு கலந்த மஞ்சள் நிறத்தில், தொட்டால் மென்மையாக, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடியுடன் இருக்கும். அழுகல் வாடை வீசினாலோ, வெள்ளையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை படர்ந்திருந்தாலோ, அந்தப் பகுதியை எருக்குழியில் தள்ளிவிட வேண்டும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் ஒரு பக்கத்திலிருந்து எடுத்து, உடனே மீண்டும் மூடவும்.

ஐந்தாம் படி: தீவனமாகக் கொடுத்தல்

எடுத்த வைக்கோலை முந்தைய நாள் மாலையே நிழலில் பரப்பி வைத்தால், காலைக்குள் நெடி பெரிதும் தணிந்துவிடும். முதல் வாரம் சாதாரண வைக்கோலோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்க வேண்டும். பழகிய பின் வளர்ந்த பசுவுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ அளவில் கொடுக்கலாம். அம்மோனியாவைப் புரதமாக மாற்றும் வயிற்று நுண்ணுயிரிகளுக்கு ஆற்றலும் தேவை என்பதால், தவிடு அல்லது சோள மாவு சேர்ப்பது அவசியம். நெல் வைக்கோலில் உள்ள ஆக்சலேட் என்னும் உப்பு, சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துவிடுவதால் தாது உப்புக் கலவையையும் விடக்கூடாது. பசுந்தீவனம் கொஞ்சமேனும் இருந்தால் இன்னும் நல்லது; அது தாராளமாகக் கிடைக்கும் மாதங்களில் இந்த வேலையே வேண்டியதில்லை.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கும், அசைபோடாத குதிரை, கழுதை போன்றவற்றுக்கும் இதைக் கொடுக்கவே கூடாது. மாடு தின்ற சிறிது நேரத்தில் வாயில் நுரை தள்ளி, உடல் நடுங்கி, வயிறு உப்பினால், நஞ்சேறியதாகக் கருதி உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஒரு பசுவுக்கு 100 கிலோ ஏறத்தாழ 20 நாட்களுக்கு வரும். ஆகவே முதல் போரைத் திறக்கும் நாளிலேயே அடுத்ததைப் போட்டு மூடினால், தீவனம் இடையறாமல் கிடைக்கும். கோதுமைத் தாள் வாங்கி வைத்திருப்போரும் இதே அளவுகளைப் பின்பற்றலாம். நறுக்கிய தாளாக இருந்தால் மிதிப்பது எளிது.