கோல்ஃப்: அடி சரியாக விழ, பிடியும் மணிக்கட்டும்

கிளப் (கோல்ஃப் மட்டை) பந்தைத் தொட்டிருக்கும் நேரம், ஒரு நொடியில் சுமார் 2,000இல் ஒரு பங்குதான். அந்த நேரத்தில் கையால் எதையும் திருத்த முடியாது. கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, அப்போது எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கமே பந்து கிளம்பும். ஆகவே முதலில் பிடியைச் சரிசெய்யுங்கள். (இங்கே சொல்வது வலக்கை ஆட்டக்காரர்களுக்கு, இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளவும்.)

1. இடக்கை

7ஆம் எண் அயர்னை (இரும்புத் தலை கொண்ட கிளப்பை) தரையில் வைத்து, முகத்தை இலக்குக்கு நேராக நிறுத்துங்கள். கிரிப்பின் (கைப்பிடியின்) நுனி கைக்கு வெளியே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடு மடிப்பு வரை கிரிப் சாய்வாக ஓட வேண்டும். புதியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்: உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திப் பிடிக்கிறார்கள். அப்போது மணிக்கட்டு தாராளமாக மடங்காது, வேகமும் வராது. கையுறையில் உள்ளங்கையின் அடிப்பகுதி, சுண்டுவிரல் பக்கமாகத் தேய்ந்து ஓட்டை விழுந்தால் இதுதான் காரணம்.

குனிந்து பார்த்தால் 2 அல்லது 3 விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதா? முகம் திறந்தே வந்து பந்து வலப்பக்கம் வளையும். நான்கும் தெரிந்தால் முகம் மூடி, இடப்பக்கம் வளையும்.

2. வலக்கை

வலக்கைச் சுண்டுவிரலை, இடக்கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலான பள்ளத்தின் மேல் வையுங்கள். இதுதான் வார்டன் பிடி. சிறிய கைகளுக்கு விரல்களைக் கோத்துப் பிடிப்பது வசதி. புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான ஜாக் நிக்லாஸ், டைகர் உட்ஸ் இருவரும் அப்படியே பிடித்தார்கள். அழுத்தம் பத்துக்கு நான்கோ ஐந்தோ போதும். முன்கை விறைத்தால் கூடுதலாக இறுக்குகிறீர்கள்.

3. மணிக்கட்டு

இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடங்கினால் முகம் திறக்கும். உள்ளங்கைப் பக்கம் மடங்கினால் மூடும். அயர்னில் அடி விழும்போது இடது புறங்கையும் முன்கையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்க, கைகள் பந்தைவிடச் சற்று முன்னே, இலக்குப் பக்கமாகப் போயிருக்க வேண்டும். வலது மணிக்கட்டு அப்போதும் பின்னோக்கி மடங்கியே இருக்கும்.

பந்தைத் தூக்கிவிட நினைப்பதுதான் இதைக் கெடுக்கிறது. வலக்கை அள்ளும், இடது மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடங்கும், கிளப் பந்துக்கு முன்பே தரையைத் தொடும். இல்லையென்றால் மேலெழும்பி வந்து பந்தின் உச்சியில் படும். தூக்கும் வேலையை 7ஆம் எண்ணின் முகச்சாய்வே, அதாவது ஏறக்குறைய 30 டிகிரி, பார்த்துக்கொள்ளும்.

4. ஸ்கேல் பயிற்சி

30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலின் ஒரு பாதியை இடக்கைக் கையுறைக்குள், புறங்கை மேல் செருகுங்கள். மறுபாதி முன்கை மேல் கிடக்கட்டும். பந்து வைக்காமல், இடுப்பளவிலிருந்து இடுப்பளவு வரை மெதுவாக வீசுங்கள். நிற்கும்போது ஸ்கேல் லேசாக முன்கையில் அழுத்துவது சகஜம். அடி விழும் இடத்தைக் கடக்கும்போது அழுத்தம் கூடினால் அள்ளுகிறீர்கள். அழுத்தம் குறைந்த பிறகே, ஸ்கேலை எடுத்துவிட்டுப் பந்தை வையுங்கள். சரியாக அடித்தால், பந்து இருந்த இடத்தைத் தாண்டி, இலக்குப் பக்கம்தான் புல் பெயரும்.

தொழில்முறை ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சன்போல, கிளப்பை மேலே ஓங்கிய நிலையில் இடது மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் அதிகமாக மடக்க இப்போது முயல வேண்டாம். மூடிய முகத்தை அவர் உடலை வேகமாகத் திருப்பிச் சமாளிக்கிறார். டிரைவருக்கும் (தொலைதூரம் அடிக்கும் கிளப்) கைகளை முன்தள்ள வேண்டியதில்லை. பந்து டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளையில்) உயர்ந்து நிற்பதால், கிளப் மேலெழத் தொடங்கும்போது படுவதே நல்லது.