குளிரில் சைக்கிள் ஓட்ட எந்தக் கையுறை?

குளிர்காலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் கையுறை வாங்கும்போது தடிமனைவிட, காற்று புகாத வெளித்துணியா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 5 டிகிரி குளிரில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கிட்டத்தட்ட 1 டிகிரி போல இருக்கும். வெறும் கம்பளிக் கையுறை அந்தக் காற்றைத் தடுக்காது.

இறுக்கமானது வேண்டாம், ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும். ரொம்பத் தடியாக இருந்தாலும் சிக்கல்தான். கடையிலேயே போட்டுக்கொண்டு ஒரு பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள், விரல் மடங்கச் சிரமப்பட்டால் வைத்துவிடுங்கள். மணிக்கட்டு மூட வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே போகும் ஊர் என்றால், இரண்டிரண்டு விரலைச் சேர்த்து வைக்கும் லாப்ஸ்டர் வகை நல்லது. அப்புறம், கட்டைவிரலில் டவல் துணி வைத்தது கிடைத்தால் விடாதீர்கள், மூக்கொழுகலுக்கு உதவும்.