துருவேறிய காட்டர் பின்னைக் கழற்றிய அனுபவம்

காட்பாடி வீட்டுத் தாழ்வாரத்தில் பல மழைக்காலங்களாகக் கிடந்த என் தந்தையாரின் சைக்கிளில், பெடலைத் தாங்கும் கையான கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் என்ற இரும்பு ஆணி துருவேறி இறுகியிருந்தது. வேலூர் வெயிலில் நிறுத்தினாலே இரும்பு இளகிவிடும் என்று அண்டைவீட்டார் சொன்னதை நான் நம்பவில்லை. மண்ணெண்ணெயும் மெஷின் ஆயிலும் கலந்து விட்டு இரவு முழுவதும் ஊறவைத்தபின், நட்டை முழுவதும் கழற்றாமல், அதன் முகம் பின்னின் நுனியோடு சமமாகும் வரை மட்டும் தளர்த்தினேன்; அதனால் அடிபடும்போது மரை நசுங்காது. இவ்வேலையில் சுத்தியலைவிட முட்டுக்கொடுப்பதே முக்கியம் என்பேன். பின்னின் தலை உள்ளே இறங்கும் அகலமுள்ள இரும்புக் குழாயைக் கிராங்கின் அடியில் செங்குத்தாக நிறுத்தாவிட்டால், அடியின் வேகம் முழுவதும் அச்சைச் சுழலவிடும் இரும்புக் குண்டுகளான பால்ஸுகளையும் அவை அமரும் கப்புகளையுமே தாக்கும். சிறு தட்டல்கள் நுனியைத்தான் மழுக்கும். கனத்த சுத்தியலால் நேராக ஓங்கி அடித்ததும் காட்டர் பின் நழுவி இறங்கியது. புதியதன் விலை அற்பம் என்பதால் பழையதைத் திரும்பப் பொருத்தவில்லை.