நடுரோட்டில் நிற்கும் கார்புரேட்டர் 800: நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டியவை

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய் தெரிந்திருக்கும். காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிற வண்டி, முக்கால் மணி நேரம் ஓடியதும் சிக்னலிலோ பைபாஸிலோ பொசுக்கென்று நின்றுவிடும். செல்ஃப் அடித்தால் இன்ஜின் நன்றாகச் சுற்றும், பிடிக்காது. அரை மணி நேரம் நிழலில் ஓரங்கட்டி டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே சமர்த்தாக ஓடும்.

எங்கள் வீட்டு 1996 மாடல் அப்படித்தான் எட்டு மாதம் படுத்தியது. பெட்ரோல் பம்ப் மாற்றினோம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம், பிளக் மூன்றும் புதுசு போட்டோம். ஒவ்வொன்றும் ஊகம்தான், ஏனென்றால் பழுது இருக்கும் நேரத்தில் யாரும் பானட்டைத் திறந்து சோதிக்கவே இல்லை, ஆறிய பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள். ஆறிய வண்டியில் அந்தப் பழுதே கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், வண்டி நின்றதும் வரும் முதல் பத்து நிமிடத்தை டீக்கடையில் விடாதீர்கள்.

பானட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒன்றை நினைத்துப் பாருங்கள், வண்டி எப்படி நின்றது? சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி ஒரே வெட்டாக நின்றதா, இல்லை ஜர்க் அடித்து, இழுவை குறைந்து, இருமி இருமி நின்றதா? வெட்டாக நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம். இருமி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம். ரோட்டில் ஓடும்போது நன்றாக இருந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் அணைகிறது என்றால் அது ஐடிலிங் சமாச்சாரம், கார்புரேட்டரில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட்டில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது அந்தப் பெட்ரோலைத் திறந்து மூடும் மின்சார வால்வான சொலினாய்டு வேலை செய்யாமல் இருக்கலாம். சாவியை ஆன் செய்யும்போது அந்த சொலினாய்டில் சின்னதாக ஒரு 'டக்' சத்தம் வர வேண்டும். வரவில்லையா, முதலில் அதன் ஒயரைப் பாருங்கள்.

செல்ஃபே சுற்றவில்லை என்றால் அது வேறு கதை, சீக்கிரம் முடிந்துவிடும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். லைட் மங்கி அணைந்தே போனால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பூத்துப்போயிருக்கிறது. லைட் கொஞ்சமும் மங்காமல் செல்ஃப் மட்டும் சும்மா இருந்தால் செல்ஃபுக்குப் போகும் ஒயரையும் சாவி சுவிட்சையும் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் நிற்கும் வண்டியில் பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடா கலந்து ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கிப் போடுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற எர்த் ஒயரை யாரும் பார்ப்பதே இல்லை, அதையும் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. இங்கேதான் நிதானம் தேவை. இன்ஜினுக்கு ஸ்பார்க் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்ற இரண்டே கேள்விதான், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் சோதிக்கக் கூடாது, பெட்ரோல் சிந்திய இடத்தில் ஸ்பார்க் பார்த்தால் வண்டியே எரிந்துவிடும்.

முதலில் ஸ்பார்க். டேஷ்போர்டில் ஒரு பழைய நல்ல பிளக்கும் ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரும் எப்போதும் கிடக்கட்டும். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி இந்தப் பழைய பிளக்கில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு இன்ஜினில் நன்றாகத் தொடும்படி பிளேயரால் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் 'சட் சட்' என்று பொறி தெறித்தால் கரண்ட் பக்கம் சரி. மஞ்சளாக, மெலிசாக வந்தால் பலவீனம். ஒன்றுமே வரவில்லையா, பெட்ரோலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அங்கேயே நில்லுங்கள். ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டு செல்ஃப் அடிக்காதீர்கள், எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் அது செலவு வைக்கும்.

திண்டிவனம் தாண்டி ஒரு சித்திரை மாத மத்தியானம் எங்கள் வண்டி நின்றபோதுதான் இதைச் செய்தேன். பொறி இல்லை. பேட்டரி கரண்டை ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜாக ஏற்றும் இக்னிஷன் காயிலைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை, தோசைக்கல் மாதிரி கொதித்தது. துணியை நனைத்துக் காயிலின் உடம்பில் மட்டும் சுற்றி, ஒயர் மாட்டும் தலைப்பக்கம் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி செல்ஃப் அடித்தால் பளிச்சென்று நீலப் பொறி, வண்டியும் பிடித்துக்கொண்டது. எட்டு மாதத் தலைவலி ஒரு காயில். உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் இன்சுலேஷன் போய்விட்டால் சூட்டில் கம்பி விரியும்போது மட்டும் பழுது தலைகாட்டும், ஆறினால் ஒளிந்துகொள்ளும். ஆறிய காயிலை மீட்டரில் அளந்து 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னவரைக் குறை சொல்ல முடியாது, அப்போது அது நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு விஷயம், இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆனில் போட்டுப் பாட்டுக் கேட்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டை விட்டுவிட்டு வெட்டும் சின்ன காண்டாக்ட்) உள்ள வண்டியில் அது காயிலைச் சுட வைத்தே கொன்றுவிடும்.

காயில் சூடாக இல்லை, ஆனாலும் பொறி இல்லை என்றால், காயிலிலிருந்து வரும் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள். காயிலிலிருந்து மூடிக்கு வரும் ஒயரின் முனையை அந்தரத்தில் விடாமல் இன்ஜின் இரும்பில் தொட வைத்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்தபடியே யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லி உள்ளே சுழலும் துண்டான ரோட்டார் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை, இன்ஜினும் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிற சத்தம் வருகிறது என்றால் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. 800-ல் டிஸ்ட்ரிபியூட்டரையும் பெட்ரோல் பம்பையும் ஓட்டுவது இந்த பெல்ட்டால் சுற்றும் கேம் ஷாஃப்ட்தான், அதனால் இரண்டும் ஒன்றாகச் சாகும். அதற்கு மேல் செல்ஃப் அடிக்காமல் இழுத்துக்கொண்டு போங்கள். ரோட்டார் சுற்றினால் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள், பென்சில் கோடு மாதிரி கறுப்பு விரிசல் இருந்தால் கரண்ட் அந்த வழியாக ஓடிவிடும். மழைக்குப் பிறகு அல்லது வாட்டர் வாஷ் செய்த மறுநாள் நின்றது என்றால் உள்ளே ஈரம், காய்ந்த துணியால் துடைத்தாலே போதும். பாயிண்ட் உள்ள பழைய மாடலானால் பாயிண்ட் கருகியிருக்கிறதா பாருங்கள், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.4 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இடைவெளி வைத்தால் வீடு வரை வந்துவிடலாம்.

ஸ்பார்க் நன்றாக இருக்கிறது என்றால் பெட்ரோல். ஏர் ஃபில்டர் மூடியை எடுத்துவிட்டு, சாவி ஆஃபில் இருக்க, கார்புரேட்டர் வாயைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீய்ச்சினால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் முகத்தை அங்கே வைக்காதீர்கள், சில நேரம் தீ திரும்பி வரும்.

பீய்ச்சவில்லையா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, வெற்றிடம் உண்டாகிப் பம்பால் இழுக்க முடியவில்லை. அதுவும் இல்லை என்றால் ஃபில்டர், பிறகு பம்புக்குள் அசைந்து பெட்ரோலை இழுக்கும் சவ்வான டயஃப்ரம், பிறகு ரப்பர் ஹோஸ். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த வண்டிகளின் பழைய ரப்பர் அதற்காகச் செய்ததல்ல, வெடித்து ஒட்டும் ஹோஸை விரலால் அமுக்கிப் பார்த்தாலே தெரியும், மொத்தமாக மாற்றிவிடுங்கள். வெயிலில் பம்ப் கொதித்து, உள்ளே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்து ஏர் லாக் ஆகியிருந்தால் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிடலாம். நேர் எதிராக, பெட்ரோல் நாற்றம் அடித்து பிளக் நனைந்திருந்தால் இன்ஜினுக்குள் பெட்ரோல் ஓவர் ஆகிவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடாமல் ஒரே மிதியாக அடிவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், பிடித்ததும் காலை எடுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாமே சரியாக இருக்கிறது, ஆனாலும் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது வெட்டி வெட்டி நிற்கிறது என்றால் சாவி சுவிட்சைச் சந்தேகப்படுங்கள். வீட்டுச் சாவி, பீரோ சாவி, கோயிலில் வாங்கிய வேல் எல்லாம் ஒரே வளையத்தில் தொங்கினால் அந்தக் கனத்தில் உள்ளே காண்டாக்ட் தேய்ந்து விட்டுவிட்டுப் பிடிக்கும். கொத்தைக் கழற்றிவிட்டு ஒற்றைச் சாவியோடு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.