அமிலாய்டு பெட் ஸ்கேன்: தயாராவதும் முடிவைப் புரிந்துகொள்வதும்

மறதி நோயின் காரணம் அல்சைமர்தானா என்ற ஐயம் வழக்கமான பரிசோதனைகளால் தீராதபோது, அல்சைமரில் மூளையில் படியும் பீட்டா அமிலாய்டு புரதத்தைக் காட்டும் பெட் ஸ்கேனை (கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் படத்தை) மருத்துவர் பரிந்துரைக்கலாம். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன், முடிவு எதுவானாலும் சிகிச்சையில் என்ன மாறும் என்று அவரிடம் கேளுங்கள். எதுவும் மாறாதெனில், ஸ்கேன் தேவையா என்பதையே மறுபடி யோசிக்கலாம்.

உடல் சர்க்கரையைப் பயன்படுத்துவதைக் காட்டும் குளுக்கோஸ் பெட் ஸ்கேனைப் போல இதற்குப் பொதுவாகப் பட்டினி இருக்க வேண்டியதில்லை. புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தை ரத்தக்குழாயில் செலுத்துவார்கள். 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளோர்பெட்டாபிர் என்றால் 30 முதல் 50 நிமிடங்களுக்குப் பின் படமெடுப்பார்கள். அதற்குச் சுமார் 10 நிமிடம் ஆகும், தலையை அசைக்கக் கூடாது. நோயாளி அமைதியற்றவராக இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள், ஏனெனில் அசைந்த படத்தை நம்பிப் படிக்க முடியாது. இந்த மருந்தில் உள்ள கதிரியக்கப் பொருளான ஃப்ளூரின்-18இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகும் நேரம், சுமார் 110 நிமிடம்தான். மருந்து உடலிலிருந்து விரைவாக வெளியேற, அன்று நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிப்பது நல்லது.

முடிவைப் படிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மருந்து இயல்பாகவே மூளையின் வெண்பொருளில் (உட்புற நரம்பிழைப் பகுதியில்) தங்கும். மூளையின் வெளிப்புறச் சாம்பல்நிறப் பொருளிலும் அது பரவி இரண்டுக்குமான வேறுபாடு மங்கினால், அதை நேர்மறை என்பார்கள். நினைவாற்றல் நன்றாக உள்ள முதியவர்கள் சிலருக்கும் இவ்வாறு வருவதால், நேர்மறை முடிவு மட்டுமே நோயை உறுதிசெய்யாது. எதிர்மறை முடிவோ, மறதிக்கு அல்சைமர் காரணமாக இருக்கும் வாய்ப்பை வெகுவாகக் குறைக்கிறது. அல்சைமரில் மூளையில் சேரும் மற்றொரு புரதமான டௌவை இந்த ஸ்கேன் காட்டாது. அதற்கு ஃப்ளோர்டாசிபிர் போன்ற வேறு மருந்து தேவை.